கால்வாய்க்கு அந்தப் பக்கம்

எங்கள் அத்தானுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு, இரண்டு பெயர்கள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவர் ‘கம்ப்யூட்டர் சார்’. மவுஸ் அசையாவிட்டால், பாஸ்வேர்டு மறந்துபோனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் அவர் அங்கே இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. இன்னொரு பெயர் ‘ஆமை’. அது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்டது. அந்தப் பெயரில்தான் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் புதர்களுக்குள் நுழைவார்.

இந்தப் புதர் விவகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனிதரைத் தப்பாக நினைப்பீர்கள். ஜியோகேச்சிங் என்று ஒரு பொழுதுபோக்கு. ஒருவர் ஒரு சின்ன டப்பாவை மரப்பொந்திலோ, பாலத்தின் கைப்பிடிக்கு அடியிலோ, பார்க் பெஞ்சில் காந்தம் வைத்தோ ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே சுருட்டி வைத்த காகிதத்தில் தங்கள் புனைபெயரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். பரிசும் கிடையாது, பதக்கமும் கிடையாது. முழங்காலில் சிராய்ப்பு உண்டு. என் அக்கா இதற்கு வைத்த பெயர் ‘பொழப்பத்த வேலை’. நான் அவ்வளவு மரியாதையாகக்கூடச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கூட்டத்துக்கு அக்காவும் நானும் போயிருந்தோம். பூங்காவில் ஒரு மரத்தடி. பத்துப் பதினைந்து பேர். ஒருவருக்கொருவர் சொந்தப் பெயர் தெரியாது, வேலையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று ஒரு வழக்கம் வேறு. ஆனால் மறைக்க முடியுமா? வாயைத் திறந்தால் தெரிந்துவிடுகிறது. ஒருவர் வங்கியின் பணம் எடுக்கும் இயந்திரங்களுக்கு உயிர் கொடுப்பவர். ஒருவர் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். இன்னொருவர் மருத்துவமனையில் சர்வர் அறைக்குக் காவல், அங்கே அடிக்கிற குளிரில் வருஷம் முழுக்க ஸ்வெட்டரோடு திரிகிறவர். ‘காந்தம்’ என்ற பெயரில் வந்த பெண்மணி லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும் என்று அதற்குப் புத்தி சொல்கிற புரோகிராம் எழுதுகிறவர். பகலெல்லாம் திரையை முறைத்துப் பார்க்கிறவர்கள், லீவு நாளில் வெளியே வந்தும் கையில் ஒரு குட்டித் திரையைப் பிடித்துக்கொண்டு முறைக்கிறார்கள். கம்ப்யூட்டர் படிக்காதவர்கள் அங்கே அக்காவும் நானும்தான். நான் திரைச்சீலை தைக்கிறவள்.

அத்தானும் அந்த ஜாதிதான். ஹோட்டல்களுக்கு அறை பதிவு செய்யும் மென்பொருள் எழுதுகிற கம்பெனியில் பல வருஷம் புரோகிராமர். கம்பெனியை யாரோ வாங்கினார்கள், வாங்கியவர்கள் இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாற்பது தாண்டியவரை எவன் சேர்ப்பான்? எங்கே போனாலும் அவரைவிட இருபது வயது சின்னவன் எதிரே உட்கார்ந்து, உங்களுக்குப் புதுசா எதுவும் தெரியலையே என்று கேட்டானாம். அந்த வருஷம் அத்தான் சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தே கழித்தார். சோபாவில் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது.

அவரை அங்கிருந்து எழுப்பிக் கூட்டிப் போனவர் கழுகு.

கழுகு என்பது அந்தக் கூட்டத்தின் தலைவருடைய புனைபெயர். சொந்தமாக மென்பொருள் கம்பெனி வைத்திருக்கிறவர். இந்த ஊரில் ஒளித்து வைத்த டப்பா ஒன்றுகூட அவர் கண்டுபிடிக்காமல் மிச்சம் இல்லை என்பது அவருடைய பெருமை. ஞாயிறுதோறும் தன் காரை எங்கள் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி, ஹார்ன் அடித்து, அத்தானை ஏற்றிக்கொண்டு போவார். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஆள் தேவை என்று தகவல் சொன்னதும் அவர்தான். அந்த அறைக்கு மென்பொருள் செய்து கொடுத்தது அவருடைய கம்பெனி. இந்த நன்றி அத்தானுக்கு எலும்பு வரைக்கும் இருந்தது, அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். நான் மறுக்கவில்லை. கழுகு செய்த நல்லதை நல்லது என்றே எழுதுகிறேன், பின்னால் எழுதப்போவதை அது குறைக்காது.

டப்பா தேடுகிறவர்களுக்கு அவர் இரண்டு விதி சொல்லிக் கொடுத்திருந்தார். தேடிக் கிடைக்கவில்லை என்றால், வெட்கப்படாமல் இணையப் பக்கத்தில் தன் பெயரோடு ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டும். அடுத்து வருகிறவருக்கு அது உதவும். யாராவது போட்ட எண் தப்பாக இருந்தால் ஊரைக் கூட்டக் கூடாது. போட்டவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், அவரே திருத்திக்கொள்வார். பெரிய மனுஷத்தனமான விதிகள். அத்தான் அவற்றை வேதம் மாதிரி பிடித்துக்கொண்டார்.

இப்போது என் வீட்டுக்காரர். அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். அத்தானுக்குச் சகலை. அத்தான் அறையில் இருந்து வயர் மாட்டுவார், இவர் தெருவில் வண்டியை விரட்டுவார். வண்டியில் ஒரு டேப், பெரிய போன் மாதிரி ஒரு தொடுதிரைக் கருவி, பொருத்தியிருக்கும். அழைத்தவருடைய இடம் அதில் வந்து விழும், வரைபடத்தில் முள் காட்டுகிற வழியில் போக வேண்டும். சில சமயம் முள் தப்பாகக் காட்டுகிறது என்று டிரைவர்கள் எல்லாருமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி ஒவ்வொரு முறையும், கண்ணைத் திறந்து பார்த்து ஓட்டுங்கள் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் கால்வாய்க் கரை சாலையில் இருந்து அழைப்பு. ஒருவருக்கு நெஞ்சுவலி. பேசியது அவருடைய மகள். கால்வாயின் இரண்டு பக்கமும் சாலை, இரண்டுக்கும் ஒரே பெயர். என் வீட்டுக்காரர் முள் காட்டிய இடத்துக்குப் போனார். மூடிக்கிடக்கும் ஒரு மில்லின் இரும்பு கேட். சேர வேண்டிய இடம் வந்தாயிற்று என்று டேப் சொன்னது. ஆள் இல்லை, வீடு இல்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினார். அங்கே இருந்த பெண்ணுக்கு அன்று மூச்சுவிட நேரமில்லை, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள் என்றார். இவர் சாலையில் முன்னும் பின்னும் போனார், இறங்கி கேட்டைத் தட்டினார். கடைசியில்தான் வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம் என்று தெரிந்தது. பாலம் வெகு தூரத்தில். சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் போய்விட்டிருந்தார்.

அந்த மகள் மாடியில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். கால்வாய்க்கு எதிரே, வெட்டவெளிக்கு அப்பால் ஆம்புலன்ஸின் விளக்கு சுழல்வது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வருகிறது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அது வரவில்லை. அங்கேயே சுழன்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நுழைந்ததும் அவள் கத்தவில்லை. “உங்க விளக்கு எனக்குத் தெரிஞ்சுது. அங்கேயே நின்னுட்டு இருந்தீங்க” என்று மட்டும் சொன்னாளாம்.

புகார் கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வாள்? அவள் இடத்தில் நான் இருந்தால் வண்டியையே கொளுத்தியிருப்பேன். அறையில் இருந்த பதிவை எடுத்துப் பார்த்தார்கள். வீட்டின் இடம் சரியாகத்தான் வந்திருக்கிறது, சரியாகத்தான் வண்டிக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. டேப்பில் அன்றைய பயணம் எதுவும் மிச்சமில்லை, அது அன்றன்றைக்கு அழிந்துவிடுமாம். ஆக, டிரைவர் வேண்டுமென்றே வேறெங்கோ போய் நின்றிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வண்டியைத் தொடக் கூடாது, குற்றம் உறுதியானால் வேலை போகும், லைசென்ஸும் போகும் என்று சொல்லிவிட்டார்கள்.

டீ குடிக்க நின்றான் என்று ஊர் பேசியது. குடித்திருந்தான் என்று கொஞ்சம் தாராளமானவர்கள் பேசினார்கள். பொட்டுச் சாராயம் தொடாத மனிதர். நான் சண்டைக்குப் போகாத வீடு எங்கள் தெருவில் பாக்கியில்லை. அவரோ சீருடைச் சட்டையைத் துவைத்து, தேய்த்து, மடித்து வைப்பார். மறுநாள் எடுத்து மறுபடி தேய்ப்பார். “வந்து சேர்ந்துட்டேன்னு காட்டுச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், போகப்போக, “காட்டுச்சுல்ல?” என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார். நான் வண்டியிலா இருந்தேன்? ஆனாலும் ஆமாம் என்றேன்.

அத்தான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் பழைய ஜி.பி.எஸ். கருவியை எடுத்துக்கொண்டு, என்னையும் கூப்பிட்டுக்கொண்டு அந்த மில் கேட்டுக்குப் போனார். எண்ணைக் குறித்தார். பாலத்தைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்கும் போய் எண்ணைக் குறித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

“முட்டையை முழுங்கியிருக்கான்” என்றார்.

முட்டை என்பது பூஜ்யம். புதிதாக டப்பா தேட வருகிறவர்கள் எண்ணைத் தட்டும்போது புள்ளிக்கு அடுத்த பூஜ்யத்தை விட்டுவிட்டு, எங்கோ ஒரு வேலியைக் கிளறிக்கொண்டிருப்பார்களாம். முட்டை முழுங்கி என்று அவர்களைக் கேலி செய்வது அந்தக் கூட்டத்தின் பழக்கம். எனக்கு இதைப் புரிந்துகொள்ளக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. இரண்டு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஜன்னலை 2.05 என்று எழுத வேண்டும். பூஜ்யத்தை விட்டு 2.5 என்று எழுதினால் துணி இரண்டரை மீட்டருக்கு வெட்டப்பட்டு வந்து தரையைப் பெருக்கும். இங்கே .045 என்று இருக்க வேண்டியது .45 ஆகியிருந்தது. துணியாக இருந்தால் மடித்துத் தைத்துவிடலாம். இது கால்வாயைத் தாண்டிப் போய்விட்டது.

அதற்குமேல் அத்தான் சொன்னதுதான் என்னை எரிய வைத்தது. சாதாரணமாகக் கம்ப்யூட்டர்காரர்கள் இடத்தின் எண்ணை ஒரே நீளத் தசமமாக வைத்துக்கொள்வார்களாம். அதை டிகிரி, டிகிரியில் அறுபதில் ஒரு பங்கான நிமிடம் என்று பிரித்து, நிமிடத்துக்குப் பின்னால் புள்ளி வைத்து மூன்று இலக்கம் எழுதுவது டப்பா தேடுகிறவர்களின் கைப்பழக்கம். வண்டியின் டேப்புக்குப் புரோகிராம் எழுதியவர் அந்தப் பழக்கத்திலேயே எண்ணைத் துண்டுதுண்டாக வெட்டி, திரும்ப ஒட்டியிருக்கிறார். ஒட்டும்போது, புள்ளிக்கு அடுத்து பூஜ்யம் வந்தால் அது உதிர்ந்துவிடுகிறது. பூஜ்யம் வராத இடங்களில் எல்லாம் சரியாக இருக்கும். அதனால்தான் சில சமயம் மட்டும் முள் தப்பியது. சில சமயம் மட்டும் என்பதால்தான் டிரைவர்கள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

“யார் எழுதினது அத்தான்?” என்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று கேட்டேன்.

“அண்ணன்தான். வண்டி டேப்புக்கு அவரே உக்காந்து எழுதினதுன்னு பெருமையாச் சொல்லுவாரு.”

அப்போதே நேராக அதிகாரியிடம் போயிருக்க வேண்டும். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அத்தான் மாட்டேன் என்றார். தப்பு செய்தவரிடம் முதலில் தனியாகச் சொல்ல வேண்டும், அதுதான் முறை என்றார். இது டப்பா இல்லை அத்தான், ஆள் செத்திருக்கிறார் என்றேன். அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை, தெரிந்தால் அவரே வந்து ஒத்துக்கொள்வார் என்றார். நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் போய்விட்டார், கழுகின் அலுவலகத்துக்கு.

கழுகு காபி வரவழைத்துக் கொடுத்தாராம். பொறுமையாகக் கேட்டாராம். தோளில் கை வைத்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினாராம். அத்தான் முகமெல்லாம் நிம்மதியாக வந்தார். பாத்தியா என்று என்னிடம் கேட்கவும் செய்தார்.

கழுகு பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். அந்த வாரமே எல்லா வண்டி டேப்புகளுக்கும் புதிய பதிப்பு ஒன்று வந்து இறங்கியது. வழக்கமான பராமரிப்பு என்று அறிவிப்பு. அத்தான் ஓடிப்போய் ஒரு வண்டியில் அந்த வீட்டின் எண்ணைப் போட்டுப் பார்த்தால், முள் சமர்த்தாக வீட்டு வாசலைக் காட்டியது. முட்டை தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. தப்பு நடந்ததற்கு அடையாளமே இல்லை. போனில் கூப்பிட்டுக் கேட்டபோது, “எந்தத் தப்பும் இல்லையேப்பா, நீயே சோதிச்சுப் பாரு” என்றாராம் கழுகு.

எங்கள் அக்கா குரலை உயர்த்தாதவள். அன்றைக்கும் உயர்த்தவில்லை. அத்தானின் தொப்பியையும் ஜி.பி.எஸ். கருவியையும் காட்டுக்குப் போடும் பூட்ஸையும் எடுத்துப் பரண்மேல் போட்டாள். ஏணியையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு அவர் முன்னால் உட்கார்ந்து, “என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு நீங்க என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டாள். அத்தான் சோபாவின் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஆமை என்று பெயர் வைத்துக்கொண்டது சும்மா இல்லை. எந்த வேலையையும் நாளைக்கு என்பவர். வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய ஒரு டேப், சார்ஜர் சொருகும் இடம் உடைந்து, பழுதுபார்க்க அவரிடம் வந்திருந்தது. அலுவலகத்தில் நல்ல சால்டரிங் இரும்பு இல்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாதக்கணக்காக அது சாப்பாட்டு மேஜையின் இழுப்பறையில், வயர்களுக்கு அடியில் கிடந்தது. கரண்டி தேடும்போதெல்லாம் அக்கா அதைப் பார்த்துத் திட்டுவாள். இப்போது, தட்டு எடுத்து வைக்கும்போது, இதையாவது போய்க் கொடுத்துத் தொலையுங்கள் என்று அதைத் தூக்கி மேஜையில் வைத்தாள். அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். எத்தனையோ மாதமாக அணைந்து கிடந்த டேப். புதிய பதிப்பு அதற்குள் போயிருக்க வழியே இல்லை.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. நடுவில் மேஜை, மேலே ஓடாத மின்விசிறி. அதிகாரி, பக்கத்தில் குறிப்பெடுப்பவர், எதிரே அந்த மகள். கம்பெனியின் சார்பில் கழுகு, வெள்ளைச் சட்டையில். என் வீட்டுக்காரர் தேய்த்துத் தேய்த்து மெலிந்த சீருடையில். குடும்பத்தில் ஒருவர் கூட இருக்கலாம் என்றதால் நான். ஓரத்தில் புரொஜெக்டருக்கு வயர் மாட்டிக்கொண்டு அத்தான். அதிகாரி டேப்பில் கோளாறு உண்டா என்று கழுகைக் கேட்டார். எல்லா வண்டியிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் கழுகு. பொய் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தான் பையிலிருந்து உடைந்த டேப்பை எடுத்தார். சார்ஜர் வாயில் வயரை நேராக ஒட்டியிருந்தார், ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு டியூப் சொருகியது மாதிரி இருந்தது. மேஜையில் வைத்து, பதிவில் இருக்கிற எண்ணை நீங்களே வாசிங்கம்மா என்று அந்த மகளிடம் கேட்டுக்கொண்டார். அவள் வாசிக்க வாசிக்க இவர் தட்டினார். ஒரு பூஜ்யத்தையும் விடவில்லை. முள் சுற்றிவிட்டு நின்றது. வரைபடத்தில் கால்வாய், அதற்கு இந்தப் பக்கம் மில், மில்லின் கேட்.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். “இங்கதான் நின்னுச்சு” என்றாள். பிறகு தலையைத் திருப்பி என் வீட்டுக்காரரை முதல்முறையாக முகத்துக்கு நேரே பார்த்தாள். அவர் அழுதுவிட்டார். நான் அழவில்லை, நான் கழுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். இது உடைந்த கருவி, இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றார் கழுகு. அதோடு நிறுத்தியிருக்கலாம். இதைக் கொண்டுவந்தவர் டிரைவருக்குச் சகலை என்பதையும், ஓய்வு நேரத்தில் புதையல் விளையாட்டு விளையாடுகிறவர் என்பதையும் அவையோருக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஞாயிறுதோறும் ஹார்ன் அடித்துக் கூட்டிப்போன மனுஷன் சொன்னார்.

அத்தான் சத்தம் போடவில்லை.

“அண்ணே, ஒரு புதருக்குள்ள இருக்கற டப்பா கிடைக்கலன்னாகூட, பேரைப் போட்டு கிடைக்கலன்னு எழுதணும்னு நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. இங்க ஒரு ஆள் செத்திருக்காரு. ஒரு வரி எழுத உங்களுக்கு மனசு வரலையே.”

கழுகு மேஜையைப் பார்த்தார். அந்த அறையில் யாருக்கும் அந்த விதியைப் பற்றித் தெரியாது, ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது. அந்த மகள்தான் பேசினாள்.

“என் புகாரைத் திருப்பிக் குடுங்க சார். அதுல பேரை மாத்தணும்.”

அதற்குப் பிறகு நியாயம் வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். என் வீட்டுக்காரருக்கு வண்டி திரும்பக் கிடைத்தது, அது உண்மை. ஆனால் உத்தரவில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தாமதம்.’ காரணங்களுக்குப் பெயர் கிடையாதா? அவற்றுக்கு அம்மா அப்பா கிடையாதா? ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, எங்களிடமும் கேட்கவில்லை, அந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை. அவள் பெயர் மாற்றிக் கொடுத்த புகார் பரிசீலனையில் இருக்கிறது. கழுகின் கம்பெனி அதே மேஜைகளில் அதே நாற்காலிகளில் இருக்கிறது. இந்த விஷயத்தில் மெமோ வாங்கிய ஒரே ஆள் எங்கள் அத்தான். அலுவலகக் கருவியை அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்திருந்தாராம். வெட்கங்கெட்டவர்கள்.

மரத்தடிக் கூட்டம் இரண்டாகிவிட்டது. அண்ணனைப் பொது இடத்தில் அவமானப்படுத்திவிட்டாய், முறை தவறிவிட்டாய் என்று சிலர் அத்தானிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். சர்வர் அறைக்காரர் ஸ்வெட்டரைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். லிஃப்டுக்குப் புத்தி சொல்கிற காந்தம் மட்டும், என் புரோகிராம் தப்பினால் ஆள் கீழே விழுவான், அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆமை வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

அக்கா பக்கத்து வீட்டிலிருந்து ஏணியைத் திரும்ப வாங்கி வந்தாள். பரணிலிருந்து தொப்பியையும் கருவியையும் எடுத்து, துடைத்து அத்தானிடம் கொடுத்தாள். அவரும் நானும் மில் கேட்டுக்குப் போனோம். ஒரு மாத்திரை டப்பா, உள்ளே சுருட்டிய காகிதம், கேட்டின் கீலுக்குப் பின்னால் காந்தம் வைத்து ஒட்டினோம். இணையப் பக்கத்தில் அத்தான் எழுதியது கொஞ்சம்தான். ஒரு சாயங்காலம் இங்கே ஒரு ஆம்புலன்ஸ் நின்றது, அதைக் கூப்பிட்டவர்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தார்கள், நடுவில் ஒரு பூஜ்யம். யார் பெயரையும் போடவில்லை. டப்பாவைத் திறக்கிறவர் நிமிர்ந்து பார்த்தால், எதிர்க்கரையில் அந்த வீட்டு மாடி தெரியும்.

காந்தம் முதலில் வந்து கையெழுத்திட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பேச்சை நிறுத்தியவர்கள்கூட, ஒருவருக்கும் தெரியாமல் வந்து எழுதிவிட்டுப் போனார்கள். அந்த மகளும் ஒருநாள் வந்தாள். அவளுக்குப் புனைபெயர் கிடையாது, அப்பாவின் பெயரை எழுதிவிட்டுப் போனாள். காகிதம் நிரம்பி, வேறு சுருட்டி வைத்தோம்.

திரைச்சீலைக்கு அளவெடுக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் இறங்கிப் பார்க்கிறேன். இந்த ஊரில் கண்டுபிடிக்காத டப்பாவே இல்லை என்றவரின் பெயர் இன்னும் அதில் ஏறவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை என்றும் அவர் எழுதவில்லை. இடம் தெரியவில்லை என்று அவர் சொல்லவே முடியாது. அத்தான் எண்களைப் போடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒரு பூஜ்யத்தைக்கூட விடவில்லை.